ஏழாவது விதை

தாஷ்கந்து
12 ஏப்ரல் 1984

அன்புத் தங்கை ஹுர்சனாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள், மூன்றாவதைப் பக்கத்து வீட்டுச் சபோஹத்தின் கண்ணிலிருந்து மறைக்க நினைப்பதில் தவறே இல்லை. நான் வேலை செய்யும் பூங்காவின் செவ்வாமணக்கு விதை அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் ஊறவைத்து, மே பிறந்ததும் வேலியோரம் ஊன்று. ஜூலைக்குள் உன் தலைக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு இலையும் புலாவ் தட்டு அகலம். சபோஹத் எட்டிப் பார்த்தாலும் தொட்டில் தெரியாது. விதையைப் பாரேன், திருஷ்டி மணி போலப் புள்ளி புள்ளியாக என்ன அழகு!

பையனுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

உன் அக்கா,
மவ்ஜூதா

குல்சாய் கிராமம்
20 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செடி சுவராக எழுந்தது. கோடை முழுக்க நிம்மதியாக இருந்தேன். காய் முற்றியதும், நீ எழுதிய ஞாபகத்தில் ஏழு விதைகளைச் சூடான ஊசியால் துளைத்துத் துர்சுன் கையில் கட்டினேன். பல் முளைக்கிற பிள்ளை, நாளெல்லாம் அதைத்தான் சப்பினான்.

முந்தாநாள் உறைபனியில் இலையெல்லாம் கருகி விழுந்தது. உடனே சபோஹத்தின் தலை தெரிந்தது. "அடிப்பாவி, பிள்ள கையில என்னடி அது?" என்று வேலி தாண்டி ஓடிவந்து அறுத்தெறிந்தாள். "என் ஆட்டுக்குட்டி இதத் தின்னுதான் செத்துச்சு. வெஷம்டி!"

நான் அவளைத் திட்டாத வசவில்லை. ஆனால் சிதறிய விதைகளை வாசற்படியெல்லாம் தேடியும் ஆறுதான் கிடைத்தது. பிள்ளையின் வாயில் விரல் விட்டும் பார்த்துவிட்டேன்.

பொறாமையில்தானே சொல்கிறாள்? நீ என் வீட்டுக்கு விஷம் அனுப்புவாயா அக்கா?

ஹுர்சனாய்

தாஷ்கந்து
25 அக்டோபர்

தங்கமே,

நான் அடித்த தந்தி கிடைத்ததும் அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய். அவள் சொன்னது உண்மை. விழுங்கிய விதை முழுசாக இருந்தால் சிலசமயம் அப்படியே வெளியேறிவிடும். துளைத்ததும் கடித்ததும்தான் கொல்லும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நாங்கள் கையுறை போட்டுத்தான் விதை எடுப்போம். உனக்கு அதை எழுத மறந்தேன். மணி போல அழகு என்று எழுத மட்டும் மறக்கவில்லை.

'இருந்துவிடு' என்றுதானே துர்சுன் என்று பெயர் வைத்தோம். இருக்கிறானா? ஒரு வரி எழுது.

மவ்ஜூதா

தாஷ்கந்து
3 நவம்பர்

ஹுர்சனாய்,

இன்றும் தபால்காரர் கைவிரித்தார். சோறு இறங்கவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா

குல்சாய்
11 நவம்பர்

அக்கா,

கோபத்தில்தான் எழுதவில்லை. உன் பெயரை எழுதக் கை வரவில்லை.

தந்தி வந்ததும் வண்டி பிடித்தவள் சபோஹத்தான். மருத்துவமனையில் ஐந்து நாளும் கூடவே கிடந்தாள். "இப்போதைக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த 'இப்போதைக்கு' என்னைத் தின்றது. தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தே நாட்கள் போயின.

அவள் அறுத்தெறிந்த அன்று படியில் இருந்த பூந்தொட்டியைப் பனிக்குப் பயந்து அடுப்போரம் வைத்திருந்தேன். இன்று காலை அதில் ஒரு முளை, விதைத்தோலைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு நின்றது. தோலின் ஓரத்தில் என் ஊசித் துளை.

நான் போட்ட கூச்சலில் சபோஹத் ஓடிவந்தாள். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். துர்சுனை முதன்முதலாக அவள் மடியில் போட்டேன். "நல்லாப் பாருங்கக்கா" என்றேன்.

இனி எனக்கு விதை அனுப்பாதே. பெரும்பனிக்கு முன்னால் நீயே வா.

உன் தங்கை,
ஹுர்சனாய்