மோகனாவின் இதயத்துக்குள் போன பலூன்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நவநீதனுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உன் மனைவி மோகனாவும், அவள் வயிற்றில் இருக்கிற உன் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறோம். கத்தாரில் வெயில் எப்படி, உன் உடம்பு எப்படி என்று தெரிந்தால் மனசு ஆறும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நம் தெருத் தபரேஸ் லீவு முடிந்து அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதறாமல் படி, இப்போது யாருக்கும் ஆபத்து இல்லை.

ஆறாம் மாதம் ஆனதிலிருந்து மோகனாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வாரம் வரை ஷூ கம்பெனியில் மிஷின் தைத்தவள் நான், அதை அவளிடம் எத்தனை தரம் சொல்லிக் காட்டினேன் தெரியுமா. படுத்தால் இருமல் வருகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினாள், உன்னோடு பேசத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று அதற்கும் திட்டினேன். ஒரு நாள் காலையில் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாடகம் போடாதே என்று நான் மேலே இருந்து கத்திக்கொண்டிருக்க, கீழ் வீட்டு ஹீனாதான் ஓடி வந்து பார்த்து, "இன்னா ஆன்ட்டி பேசிக்கினு இருக்கீங்க, உதடெல்லாம் நீலமா இருக்கு" என்றாள். அவளே கார் பிடித்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததன் மிச்சம் என்றார் டாக்டரம்மா. பிள்ளை வளர வளர ரத்தம் கூடுகிறது, அது அந்தச் சின்ன வழியில் போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறதாம். இவ்வளவு நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மோகனா, "நான் வீட்ல யார்கிட்டயும் சொல்லல டாக்டர், எங்க அத்தைக்குத் தெரியாது" என்றாள். மூச்சு முட்ட, விட்டு விட்டுச் சொன்னாள். நான் அதை மறுக்கவில்லை, நவநீதா. ஆமாம் என்பதுபோலத் தலையைக்கூட ஆட்டினேன்.

மருந்துக்கு அடங்கவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், நுனியில் இருக்கும் பலூனை வால்வுக்குள் விரிக்க வேண்டும் என்றார்கள். குழாய் போகிற வழியை எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் செய்வார்களாம். பிள்ளைக்கு ஆகாதே என்று அப்பா கேட்டார். வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் கட்டி, எக்ஸ்ரேயைக் கொஞ்சமே போட்டு, மீதியை எக்கோவில் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா. வால்வு கிழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. நீ கிரேன் மேலே இருந்து வேலை செய்கிறவன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மோகனா கேட்டுக்கொண்டாள். நான் ஒத்துக்கொண்டது அதற்காக இல்லை. எத்தனை நாளாக அவளுக்கு இப்படி இருக்கிறது என்று நீ கேட்பாயே, அதற்குப் பயந்துதான்.

அவளை உள்ளே கொண்டுபோனபின் உன் அப்பா என்னை விட்டுத் தள்ளிப்போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா வெளியே வந்து, வால்வு நன்றாகத் திறந்துவிட்டது, பிள்ளையின் துடிப்பும் சீராக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் ஒரே ஒரு தலையணையில் தலை வைத்து, இருமாமல் அவள் தூங்கினாள். விழித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தேன். "விடுங்க அத்தை, பசிக்குது, எதனா குடுங்க" என்றாள்.

இப்போது மாத்திரையும் ஓய்வுமாக இருக்கிறாள், தண்ணீர் நான் தூக்குகிறேன். பிரசவத்துக்கு லீவு கேட்டு வை. ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டுவிடாதே, திட்ட வேண்டியது என்னைத்தான். யார்கிட்டயும் சொல்லவில்லை என்றுதான் உன்னிடமும் சொல்வாள். அவள் என்னிடம் சொன்னாள், பல தரம் சொன்னாள். கிரேனில் ஏறும்போது நிதானமாக ஏறு, கண்ணு. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்கணும். மனசு வந்தால் என்னோடு பேசு.

உன் அம்மா,
கமலம்