வானம் காலி என்று சொன்னது நான்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. "அன்புள்ள" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. புது ஊர், புது மலை, புது வேலை, உனக்கென்ன குறைச்சல்.

உன் கடிதம் கிடைத்தது. அங்கே அடிக்கும் குளிரைப் பற்றி, உன்னிடம் பறக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடுங்குவதைப் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில் சொல்வது மாதிரி, விசாரணையில் நான் என்ன பேச வேண்டும் என்று நாலு வரி. "என் பதிலுக்குக் காத்திருக்காம நீதான் அவசரப்பட்டுட்டதா சொல்லிடுக்கா. உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. எனக்குன்னா லைசென்ஸே போயிடும்" என்று. படித்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன நெஞ்சழுத்தம்டா உனக்கு.

வாக்கி-டாக்கியில் சார்ஜ் தீர்ந்துபோனது, அக்கா கூப்பிட்டதே காதில் விழவில்லை என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே விமானம் ஏறினாய்? பொய்யைப் பலமுறை சொன்னால் சொன்னவனுக்கே நிஜம் மறந்துவிடும். அதனால் ஞாபகப்படுத்துகிறேன்.

நம் சரிவில் உங்களைப் பாராகிளைடரில் பறக்க விட்டதே ஒரு வாக்கை நம்பித்தான். சரிவுக்குக் கீழே ஆஸ்பத்திரி. உயிருக்கு ஆபத்தானவர்களை நகரத்துக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வந்தால் நம் கணவாய் வழியாகத்தான் வர வேண்டும். பாராகிளைடிங்கே வேண்டாம், சரிவை மூடுங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிலம் நம்முடையது என்பதால் நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஏற்பாடு செய்தேன். அவர்கள் போன் செய்தால் நான் சிவப்புக் கொடியை ஏற்றுவேன். மேலே இருக்கும் ஒவ்வொருவரையும் வாக்கி-டாக்கியில் கூப்பிடுவேன். "இறங்கிட்டேன், மடிச்சுட்டேன்" என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். விரித்துப் போட்ட பாராகிளைடர் துணியை ஹெலிகாப்டர் காற்று தூக்கி எறிந்துவிடும், அதனால் மடித்ததையும் கேட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததே நீதான். எல்லோரும் சொன்ன பிறகு நான் ஆஸ்பத்திரிக்கு "வானம் காலி" என்பேன். அதற்கப்புறம்தான் ஹெலிகாப்டர் கணவாய்க்குள் நுழையும்.

அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நீயும் சொன்னாய். முகட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாய், என் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கேயும் இறங்க இடம் இருக்கிறதே, இறங்கியிருப்பாய் என்று நினைத்தேன். "மடிச்சுட்டேன்கா" என்றாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. உன் காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏன்டா என்று சாயங்காலம் கேட்டதற்கு என்ன சொன்னாய்? காற்று நன்றாகத் தூக்கிக் கொடுத்ததாம். இன்னும் கொஞ்சம் உயரம் ஏறினால் அடுத்த பள்ளத்தாக்கு வரை போய், அந்த வேலைக்குக் காட்ட ஒரு பெரிய பறத்தல் கிடைத்திருக்குமாம். ஹெலிகாப்டர் வருவதற்குள் ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாயாம். கொடி மற்றவர்களுக்கு, உனக்கு அக்கா இருக்கிறாள், அப்படித்தானே?

ஹெலிகாப்டர் உன்னைக் கண்டு ஒடித்துத் திரும்பியது. அதற்குள் மேகம் கணவாயை அடைத்துவிட்டது. வண்டி கவிழ்ந்து கிடந்த பால் வண்டிக்காரரை ஆம்புலன்சில் போட்டு, வளைவு வளைவாக நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பள்ளிக்கூட நாளில் நீ பஸ்ஸைத் தவறவிட்டபோதெல்லாம் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மனுஷன். நீ ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்காமல் கிளம்பினாய்.

நீ போன பிறகு இங்கே நான்தான் குற்றவாளி. பறக்கிறவர்கள் சங்கத் தலைவர் வீடு தேடி வந்து, "உங்களுக்கும் வயசாகுதில்லம்மா, இனிமே வேற யாராவது பாத்துக்கட்டும்" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்னைவிட வயது கூட. மருந்துக் கடையில் பால் வண்டிக்காரர் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினேன்.

உன் அத்தான் இருக்கிறாரே, அவர் உன் கட்சி. "வாழ வேண்டியவன், பழியை நீ வாங்கிக்கோயேன், நீ என்ன பறக்கவா போறே" என்றார். அவரோடும் இப்போது பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

விசாரணை நேற்று நடந்தது. நகராட்சி அலுவலகத்து மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, சுவரோரமாக நாற்காலிகள். உண்மையைச் சொல்கிறேன், நீ எழுதியபடியே பேசிவிடலாம் என்றுதான் படியேறினேன். எனக்கு முன்னால் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவரைக் கேட்டார்கள். சின்ன வயது, உன் வயதுதான் இருக்கும். மேகத்துக்கு வெளியே வந்ததும் எதிரே உன் துணி தெரிந்ததாம். எவ்வளவு தூரம் என்று அதிகாரி கேட்டார். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் உள்ள தூரம்தான் சார்" என்றார்.

நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். அப்புறம் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தேன். என் முறை வந்தது. நான் கூப்பிட்டதற்கு நீ பதில் சொன்னாயா என்று கேட்டார்கள். "சொன்னான். இறங்கிட்டேன், மடிச்சுட்டேன்னு சொன்னான். சொன்னது பொய்" என்றேன்.

உன் லைசென்ஸ் போகும். உனக்கு வேலை கொடுத்தவர்களுக்கும் தகவல் போகும் என்றார்கள். யார் எங்கே பறக்கிறார்கள் என்று காட்டும் கருவி எல்லோரிடமும் வரும்வரை நம் சரிவையும் மூடிவிட்டார்கள். வாய் வார்த்தையை நம்பி இனி யாரையும் விட மாட்டார்களாம். நான் எதிர்த்துப் பேசவில்லை. சங்கத்தில் எல்லோரும் உன்னைத்தான் திட்டுகிறார்கள், திட்டட்டும். பால் வண்டிக்காரர் மனைவியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். நீ எனக்குச் செய்ததை நினைத்துப் பார்த்தாயா? பால் வண்டிக்காரர் காலை மட்டும் சொல்லவில்லை. "வானம் காலி, வாங்க" என்று ஹெலிகாப்டரை உன் மேல் ஏவிவிட்டது யார்? இந்த வாய்தானே? அந்த ஒரு அறை அகலம் இல்லாமல் போயிருந்தால் உன்னை நான் கொன்றிருப்பேன். கொன்றதுகூடத் தெரியாமல், கொடியை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டு, உனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன்.

வேலை போனால் வீட்டுக்கு வா. முதலில் பால் வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வா. நான் உன்னோடு பேச மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. நீ தரையில் நடந்து வருவதை வாசலில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் அக்கா