கையிருப்பில் இல்லாத சிலந்தி

மார்ச் 4, செவ்வாய்
என் கடையில் டைல்ஸ் லோடு இறங்கியது. பெட்டி இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. லோடுமேன் செருப்பைக் கழற்றினார். "இருப்பா" என்றேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை. பிஸ்கட் ஜாடியில் பிடித்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி பார்த்தாள். "மக சேத்து வச்ச ஜாடியெல்லாம் தெருவுல கொட்டினீங்க. இப்ப நீங்களே குடித்தனம் வைக்கிறீங்களா?"

அது நடந்து மூன்று வருஷம். பன்னிரண்டு ஜாடி. "பூச்சி பிடிக்கவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று கத்தினேன். "சிலந்தி பூச்சி இல்லப்பா" என்றாள் மகள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மார்ச் 5
படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போனில் அனுப்பினேன். "இது என்ன வகை?" அதற்கு மேல் விரல் ஓடவில்லை.

சாயங்காலம் பதில். "கண்ணை எண்ணுங்க." அப்பா என்ற சொல் இல்லை.

டைல்ஸில் கீறல் பார்க்கிற லென்ஸை வைத்து எண்ணினேன். எட்டு. நாலு நாலாக ரெண்டு வரிசை.

"அப்ப வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, ஓடிப் பிடிக்கும். நாலு நாளைக்கு ஒரு கரப்பான், உயிரோட. தண்ணிக்கு ஈரப் பஞ்சு. மருந்தடிச்ச இடத்துப் பூச்சி மட்டும் வேண்டாம்."

கொட்டேஷன் மாதிரி இருந்தது. நாலு தடவை படித்தேன்.

மார்ச் 8
கரப்பானைப் போட்டேன். ஒரு மணிநேரம் சிலந்தி ஆடவில்லை, அசையவில்லை. அப்புறம் பார்த்தால் கரப்பான் அதன் வாயில். "சாப்பிட்டுது" என்று அனுப்பினேன். "சரி."

மார்ச் 12
சாப்பிட்டுது. படமும் அனுப்பினேன். "வயிறு உப்பியிருக்கா?" கேள்வி கேட்கிறாள்!

மார்ச் 16
வீட்டில் கரப்பான் தீர்ந்துபோச்சு. கடைக் குடோனில் ஒன்று பிடித்துவந்து போட்டேன்.

மார்ச் 17
மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் உள்ளே மடங்கி. பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். உயிர் இல்லை.

வெள்ளிக்கிழமைதான் குடோனில் மருந்தடித்தார்கள். அடிக்கச் சொன்னவனே நான். எழுதியே அனுப்பினாளே — புத்தி எங்கே போச்சு?

கடைக்குப் போனேன். ரெண்டு குளியலறைக்கு டைல்ஸ் விற்றேன்.

சாயங்காலம் அவளே கேட்டாள். "சாப்பிட்டுதா?"

"சாப்பிட்டுது."

மார்ச் 20
சாப்பிட்டுது என்று எழுதினேன்.

மார்ச் 24
முப்பது வருஷத்தில் கையிருப்பில் இல்லாத சரக்கை இருக்கு என்று சொன்னதில்லை. இன்று "தண்ணிகூடக் குடிச்சுது" என்றேன்.

மனைவி காலி ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் சாப்பிடுது" என்றாள்.

மார்ச் 27
"இப்ப ஒரு படம் அனுப்புங்க."

பன்னிரண்டாம் தேதி எடுத்ததில் இன்னொன்றை அனுப்பினேன்.

"கரப்பான் கால் அன்னைக்குக் கிடந்த இடத்துலயே கிடக்கு. பஞ்சுலயும் அதே மடிப்பு."

மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண். யாரிடமிருந்து போனது என்று கேட்க வேண்டியதில்லை.

"எப்ப செத்துது?"

"பதினேழு. குடோன் கரப்பான் போட்டுட்டேன்."

மார்ச் 29
பில் போடும்போதும் போனை மேஜையில் நிமிர்த்தியே வைத்திருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு
காலையில் பதில் வந்தது. "ஒரு பூச்சியக்கூட உயிரோட வச்சிருக்கத் தெரியல உங்களுக்கு."

பிறகு எழுதினேன். "சிலந்தி பூச்சி இல்லம்மா."

எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள்.

"சனிக்கிழமை ஊருக்கு வர்றேன். வரும்போது ஒண்ணு பிடிச்சுட்டு வர்றேன். ஜாடியைக் கழுவி வைங்கப்பா. சோப்பு வேண்டாம்."

வெறும் தண்ணீரில் கழுவினேன். வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.