ஃப்ரீசரில் விழுந்த ஓட்டை

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா கூடத்தில் தூங்குகிறார். நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா பார்த்துவிட்டால், இந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், இவளை இங்கே தனியாக விடக்கூடாது என்று முடிவு செய்துவிடுவார். நான் அழவில்லை அம்மா. பயமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் உன் ஃப்ரிட்ஜைக் கெடுத்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட நன்றி அது.

நீ போன மாசியில், காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய அன்று சாயங்காலம், வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அப்பா ஃப்ரீசரைத் திறந்தார். ஒன்பது கவர். எல்லாம் தை மாதம் நீ போட்டு வைத்த காலிஃபிளவர். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் நீ எழுதிய தேதி. ரெண்டு பேரும் குளிர் முகத்தில் அடிக்க அப்படியே நின்றோம். அன்றைக்கு அப்பா வைத்த குருமாவில் உப்பு ஜாஸ்தி. ஆனாலும் பூ மட்டும் நீ ஆக்கினால் இருப்பது போலவே குழையாமல் இருந்தது.

பங்குனி முடியும் வரை நீதான் எங்களுக்குச் சோறு போட்டாய். கடைசிக் கவரை எடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அவ வெச்சது சாப்புடத்தான் கண்ணு" என்று அப்பா கத்தரியால் கவரை வெட்டினார். அவர் சொன்னது சரிதான். நீ எதையும் அழகுக்காக வைத்தவள் இல்லை. ஜவுளிக்கடையிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைச் சமாளித்தாய். அதுவும் மார்கழி, தையில் பூ மலிந்து கிடக்கும்போது, அந்தக் குட்டி ஃப்ரீசரில் நீ அடைத்து வைத்தது எத்தனை!

இப்போது மறுபடி மார்கழி. அப்பாவின் நிலைமையைச் சொல்கிறேன், கேள். நீ இருந்தபோது பெண்ணாடத்தில் அத்தை வீட்டிலேயே தங்கி சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டு, வாரத்துக்கு ஒருமுறை சிதம்பரம் வருவார் இல்லையா? இப்போது எனக்காகத் தினமும் வருகிறார். விடிவதற்கு முன் பஸ், விருத்தாசலத்தில் இறங்கி இன்னொரு பஸ். திரும்பி வர ராத்திரி எட்டு. பத்தாவது முடிந்ததும் என்னைப் பெண்ணாடத்துக்குக் கூட்டிப்போய் அங்கே பிளஸ் ஒன் சேர்க்க வேண்டும் என்கிறாள் அத்தை. இந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டுமாம். அதைப் பேசி முடிக்கத்தான் நாளைக்குக் காலையில் வருகிறாள்.

எனக்குப் போக விருப்பம் இல்லை அம்மா. இந்தப் பள்ளிக்கூடம், என் டியூஷன், நீ நின்ற அடுப்படி. அப்பா இப்படி அலைவதைப் பார்த்தால் விருப்பம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஒன்று நினைத்தேன். அத்தை ஃப்ரீசரைத் திறக்க வேண்டும், வரிசையாகக் கவர்கள் இருக்க வேண்டும், இந்த வீட்டை நான் நடத்துவேன் என்று அவளே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மேலவீதிப் பக்கம், நீ வாங்கும் கடைக்கே போனேன். உன்னைப் போலவே ஒவ்வொரு பூவாகக் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். இடைவெளி விடாமல் நெருக்கமாக, தயிர் நிறத்தில் இருக்கிறதா, கறுப்புப் புள்ளி இருக்கிறதா, இலை வாடாமல் பூவை ஒட்டிப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கவிழ்த்து, தண்டு வெட்டிய இடம் ஈரமாக வெள்ளையாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். கடைக்காரர் உன்னிடம் கேட்பதையே என்னிடமும் கேட்டார்.

"என்னா பாப்பா, பூவ பாக்குறியா, பொண்ணு பாக்குறியா?"

"பொண்ணு பாத்தா காப்பி குடுப்பாங்க. நீ என்னா குடுப்ப?" என்று நீ திருப்பிக் கேட்பாய், அவர் சிரித்துக்கொண்டே கொத்தமல்லியை அள்ளிப் போடுவார். நான் எடுத்து வைத்த பூக்களை மட்டும் நீட்டினேன். அவரே ஒரு கொத்தை எடுத்துப் பையில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று பூ வாங்கினேன். அந்த வாரத்துக்கு ஒன்று. அதைக் கழுவாமல், பேப்பரில் சுற்றி, ஈரம் பூவின் மேல் தேங்காதபடி தண்டு மேலே இருக்கக் கவிழ்த்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். புதன்கிழமை வரை புள்ளி விழவில்லை. மற்ற ரெண்டையும் ஒரே அளவாக நறுக்கினேன். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் வைத்தேன், ரெண்டு புழு மிதந்து வந்தது. பிறகு கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிஷம், வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீர். அது வரைக்கும் எல்லாம் நீ செய்தது போலத்தான்.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. துணியில் பரப்பி ஃபேன் காற்றில் காயவிடவில்லை. தட்டில் தனித்தனியாக வைத்து உறையவிட்டு, அப்புறம் கவரில் போட வேண்டும் என்பதையும் விட்டேன். சொட்டச் சொட்டக் கவரில் அள்ளிப் போட்டு, ஃப்ரீசரில் திணித்துவிட்டு ஓடினேன்.

இன்றைக்கு, அத்தை வருவதற்காக அடுக்கி வைக்கலாம் என்று திறந்தால், ஆறு கவரும் ஃப்ரீசர் தரையோடு ஒட்டி ஒரே பாறை. ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும். "கத்திய மட்டும் உள்ள கொண்டு போவாத" என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அப்பா வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. கத்தியை எடுத்துக் கவருக்கு அடியில் நெம்பினேன். முதல் கவர் வந்துவிட்டது. இரண்டாவதில் கத்தி வழுக்கி ஃப்ரீசர் தரையில் குத்திவிட்டது. உஸ்ஸென்று கேஸ் போகிற சத்தம், சைக்கிள் டியூப் பஞ்சரானது போல. கதவை மூடி அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

அப்பா வந்ததும் தண்ணீர் குடித்தார். ஆலைச் சூட்டில் வேலை செய்கிறவருக்கு மார்கழியிலும் ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான்.

"என்னா கண்ணு, எப்பயும் போல ஜில்லுன்னு இல்ல?"

"கரண்ட் கம்மியா வருதுப்பா."

எப்படி அம்மா அவ்வளவு சீக்கிரம் எனக்குப் பொய் வந்தது? அவர் நம்பி, ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் அத்தை போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"டேய் குமாரு, அந்தப் புள்ளைக்கு என்னாடா தெரியும்? நீ பஸ்ஸுலயே செத்துப்பூடுவ, பாரு."

"அவ எல்லாம் பாத்துக்குறாக்கா. நாளைக்கு வந்து ஃப்ரீசர தொறந்து பாரு. அவங்கம்மா மாரியே அடுக்கி வெச்சிருக்கா."

நான் காட்ட நினைத்ததை வைத்துத்தான் அவரும் எனக்காகப் பேசுகிறார். நாளைக்கு அத்தைக்கு முன்னால் அவர் அந்தக் கதவைத் திறப்பார். உள்ளே தண்ணீரும் நசநசத்த கவரும் இருக்கும். அப்போது அவர் முகம் எப்படிப் போகும்?

மாடியில் குடியிருக்கிற அக்கா வீட்டார் ஐஸ் எடுக்க வந்து கெடுத்துவிட்டார்கள் என்று பழி போடலாமா என்று கூட யோசித்தேன். வோல்டேஜ் என்றே சாதிக்கலாமா? மெக்கானிக் வந்தால் ஓட்டையைக் காட்டிவிடுவான்.

இதை எழுதும்போதுதான் ஒரு தீபாவளி ஞாபகம் வந்தது. போனஸில் திருப்பாதிரிப்புலியூர் போய் இந்த ஃப்ரிட்ஜை நீ வாங்கி வந்த புதிது. முதன்முதலாகப் பூ போட்டபோது நீயும் காயவிடவில்லை. எல்லாம் ஒரே கட்டி. அன்றைக்கு அத்தை வீட்டாட்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நீ அந்தக் கட்டியை அப்படியே தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்து காட்டினாய். "பாருங்க, நாந்தான் கெடுத்தேன். இன்னிக்கு பாறாங்கல்லு கொழம்பு" என்றாய். முதலில் சிரித்தது அத்தைதான். நீ மறைத்திருந்தால் ஒரு மாதம் குத்திக்காட்டிப் பேசியிருப்பாள். தப்பைச் செய்தவளே தட்டில் வைத்து நீட்டிய பிறகு, திட்டுவதற்கு அவளுக்கு என்ன மிச்சம் இருந்தது?

காலிஃபிளவர் காயவிடுவதை விட இதைத்தான் உன்னிடமிருந்து முதலில் எடுத்திருக்க வேண்டும். இப்போதாவது எடுத்துக்கொள்கிறேன். நன்றி அம்மா.

இளகிய பூவை மறுபடி உறைய வைக்கக்கூடாது. நாளைக்கே ஆக்கிவிட வேண்டும். அதனால் குருமா, பொரியல், பக்கோடா, சாம்பாரிலும் அதுவே. மாடிவீட்டுக்கும் ஒரு கிண்ணம். அத்தைக்கு வாழ்நாளுக்குப் போதும்.

அப்பா எழுந்து பல் துலக்கும்போதே சொல்லிவிடுவேன்: கரண்ட் இல்லைப்பா, கத்தி. பிறகு அத்தை வந்ததும் அவளை நானே கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டுவேன். அதைக் காட்டிய வாயாலேயே இன்னொன்றும் சொல்வேன்: நான் சிதம்பரத்தை விட்டு வரமாட்டேன், அப்பா முன்போல வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், ராத்திரியில் மாடிவீட்டு அக்கா துணைக்குப் படுத்துக்கொள்வாள் என்று. அவர்கள் ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. குரல் நடுங்கும், அது தெரியும். நடுங்கினாலும் முழுசாகச் சொல்லி முடிப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் ஒரே பெண், இன்னும் பயந்துகொண்டேதான் இருக்கிற
தர்ஷினி