புத்தருக்கு நீங்கள் காட்டிய சைகை

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா நித்திரை. அவருக்குத் தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் செத்தவீடு முடிந்த பிறகு, மார்க்கம் வீட்டை விட்டுப் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வந்துவிட்டோம். புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரேயொரு சிநேகிதி, நிமாஷா. சிங்களப் பிள்ளை. உங்களைப் போல அவளுக்கும் காது கேட்காது. எனக்குச் சைகையில் கதைக்கத் தெரியும் என்று கண்டதும் அவளாகவே வந்து ஒட்டிக்கொண்டாள். நாளை, புத்தர் பிறந்த நாளுக்கான வெசாக் நிகழ்ச்சியில் நாங்கள் இருவரும் புத்தரின் கதையைச் சைகையில் சொல்ல வேண்டும்.

ஒத்திகையில் 'புத்தர்' என்ற சொல் வந்தபோது, வீட்டில் நீங்கள் காட்டிவந்ததையே காட்டினேன். தோளில் துவக்கு, பிறகு ஆடாமல் அசையாமல் நிற்பது. நிமாஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்ர புத்தர் ஆரைச் சுடப் போறார்?" என்று கைகளால் கேட்டாள். கை தவறிவிட்டது என்று பொய் சொன்னேன்.

நீங்கள் ஏன் அப்படிக் காட்டினீர்கள் என்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவைக் கேட்டேன். அவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா முதன்முதல் புத்தரைக் கண்டது சண்டை நேரம் ஊரிலை, ஆமிக்காரர் காவல் நிக்கிற சென்றியிலை, பிள்ளை. சிலைக்குப் பக்கத்திலை ஒருத்தன் துவக்கோட நிண்டவன். நில் எண்டு அவன் கத்தினது அவவுக்குக் கேக்கேல்லை. நடந்துகொண்டே இருந்தவ. மாமா பிடிச்சு இழுத்திருக்காட்டி நீயும் இல்லை."

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை, அம்மா? அந்தச் சைகையே சொல்லிவிடும் என்று விட்டீர்களா?

நிமாஷா வீட்டில் 'புத்தர்' என்று காட்ட, மடியில் ஒரு கைக்கு மேல் மற்றக் கையை வைத்துக் கண்களை மூடுவார்களாம். நீங்கள் ஆட்களுக்கு நடுவில் கண்ணை மூடி நான் கண்டதில்லை. மூடினால் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் போய்விடும் என்பீர்கள். அவளுக்கும் அப்படித்தானே? ஆனாலும் பயமில்லாமல் மூடுகிறாள்.

நாளை மேடையில் நானும் அவளைப் போலத்தான் காட்டுவேன். கோபிக்காதீர்கள். அது அவளுடைய புத்தர்.

ஆனால் மேடை ஏற முன்பு, என் கை தவறவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுவேன். என் அம்மா கண்ட புத்தருக்குப் பக்கத்தில் துவக்கு இருந்தது என்றும் சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்காமல் விடலாம். நினைக்க இப்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் சைகையையே காட்டிச் சொல்லுவேன், அம்மா.

உங்களுக்குக் காதாக இருந்த மகள்,
ஆரணி