நீல டப்பாவில் சர்க்கரை இல்லை

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிருக்கு முட்டி வலி மட்டும் கொஞ்சம் கூடுதல். சுகமாக இருக்கிறேன் என்றும் எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். உனக்கு இனிமேல் பொய் சொல்வதில்லை என்று வைத்திருப்பதால் அதை எழுதவில்லை.

குளிர் இன்னும் விட்டபாடில்லை. போன வாரம் சமையலறைக் குழாய் உறைந்துபோய்விட்டது, நீ விட்டுப்போன பழைய ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன், முக்கால் தலை வழுக்கை ஆனவன் கையில் அதைப் பார்த்து மாடிவீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எதிர்வீட்டுத் தபால்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், இத்தனை வருஷம் அவரைத் துரத்திய நாய் இப்போது அவர் காலடியிலேயே படுத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளை எடுத்து, "அவ தூங்குறா மாமா" என்கிறார். பத்து வாரமாக இதே பதில். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார், பின்னால் நீ பாத்திரம் தேய்க்கிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. இதற்கு நான் எந்த முகத்தோடு கோபப்படுவது? அதே வார்த்தையைத்தானே நான் உன்னிடம் சொன்னேன். அம்மா குளிக்கிறாள் என்றேன், அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன், அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளும் நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேன். உனக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொல்லும்வரை, மொத்தம் பதினாறு நாள் அவளை அப்படித் தூங்க வைத்தேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லையம்மா.

தன் வியாதியை உன்னிடம் சொல்லக் கூடாதென்று அவள்தான் சத்தியம் வாங்கினாள், அது உனக்குத் தெரியும். உனக்கு எட்டாம் மாசம், ரத்த அழுத்தம் ஏறிக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். "சொன்னா அவ ஓடி வந்துடுவா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும், புள்ள பொறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அவளுக்கு அதற்கு நாள் இருக்கவில்லை. அவள் சொல்லித்தான் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. பொய் சொன்ன வாய் என்னுடையது. அவள் முகத்தை நீ கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் வேறு ஒன்று. கோகோ. சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் நான் பட்டறையிலிருந்து வருகிற நாலு மணிக்கு வெளியே இருட்டிவிடும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்கும், அம்மா நீல டப்பாவிலிருந்து கோகோ பொடியை எடுத்து முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பாலை ஊற்றி, இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றி நுரை பொங்க வைப்பாள். உனக்கு நுரையில் மீசை முளைக்கும். மேலே படிந்த பாலாடை யாருக்கு என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, அதனால் வாசனை மட்டும். அவள் படுக்கையில் விழுந்த பிறகு வேறு எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை, கோகோ மட்டும் கேட்டாள். சரி, இதையாவது நாம் செய்வோம் என்று கையில் எடுத்தேன். உன் அப்பனைத் தெரியுமே உனக்கு, நாற்பது வருஷம் லேத்தில் நின்றவன், ஒரு நூல் பிசகினாலும் தூக்கம் வராது. கரண்டியில் பொடியை எடுத்து ஸ்கேலால் மட்டமாக வழித்துத்தான் போடுவேன், பாலுக்குக் குவளையில் கோடு கிழித்து வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அளவுகோலே, இது கோகோவா இல்ல எஞ்சினா?" என்று கேலி செய்வாள். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். பத்து நாளில் டப்பா காலியானது, கடையில் அதே பொடியை வாங்கி நிரப்பினேன். அதற்குப் பிறகு நாலு வாரம் தினம் நாலு மணிக்கு ஒரு குவளை. ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

போன வியாழக்கிழமை அம்மாவுக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த நர்ஸம்மா வந்தாள், வாடகைக் கட்டிலை எடுக்க வரும் ஆட்களுக்கு அதைக் காட்டுவதற்காக. வெளியே பனி கொட்டுகிறது, அவள் கையெல்லாம் விறைத்துப் போயிருந்தது, ஆட்கள் வருவதற்குள் ஒரு குவளை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சர்க்கரை வைத்திருக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். பொடியிலேயே இருக்கிறதே என்றேன். என்னையே பார்த்தாள். "அந்தப் பொடியில சர்க்கரை கிடையாதுங்க. அக்காதான் ஞாயித்துக்கிழமை ஒரு வாரத்துக்குச் சேத்துக் கலந்து வெப்பாங்களாம்" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? பட்டறை கேன்டீன் மெஷினில் வருவது இனிப்பாக வரும், கோகோ என்றாலே இனிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். அட்டையில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்திருக்கலாம். ஒரு வாய் ருசி பார்த்திருந்தால் செத்தா போயிருப்பேன்?

மருந்தில் அவளுக்கு நாக்கு மரத்துப் போயிருக்கும், அதனால் தெரிந்திருக்காது என்று சமாதானம் தேடினேன். நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் நாளே அம்மா அவளிடம் டாஃபி வாங்கி வரச் சொன்னாளாம், கோகோ குடித்த பிறகு நான் குவளை கழுவப் போகிற நேரத்தில் வாயில் போட்டுக்கொள்வாளாம். என்னிடம் சொல்லிவிடலாமே என்று இவள் கேட்டதற்கு, "வேணாம்மா. அந்த மனுஷன் ஸ்கேல் வெச்சு அளந்து எடுத்துட்டு வரார். எனக்குச் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்னு நெனச்சிட்டிருக்கார். அதையும் புடுங்கிட்டா உடைஞ்சுடுவார்" என்றாளாம். ஆட்கள் வந்து கட்டிலைக் கழற்றியபோது மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் டாஃபித் தாள்கள், ஒவ்வொன்றையும் நகத்தால் நீவி நாலாக மடித்து வைத்திருக்கிறாள். அவள் எதையும் கசக்கிப் போடுகிறவளா?

அவர்கள் போன பிறகு ஒரு குவளை கோகோ போட்டு நானே குடித்தேன். கரியைக் கரைத்த மாதிரி கசப்பு. முழுவதையும் குடித்தேன், இருபத்தெட்டு நாள் அவள் குடித்தாளே. குடித்துவிட்டு உன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளை அனுப்பிய அன்றுகூட அழாதவன், வாய்விட்டு அழுதேன். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்ததம்மா. என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருக்க மாட்டேனா, கடைசி நாலு வாரமாவது அவளுக்குப் பிடித்ததைக் கொடுத்திருப்பேனே, எனக்கு வலிக்கும் என்று என்னிடமிருந்து அதைப் பறித்துக்கொள்ள அவள் யார் என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பத்து வாரமாக உன் தொண்டையில் நிற்பது இதுதானே என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அதுவரை நான் உன்னைக் காப்பாற்றியதாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இத்துடன் ஒரு பார்சலும் வரும். அதில் நீல டப்பா இருக்கிறது. ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு சர்க்கரை, நர்ஸம்மா சொன்ன கணக்கு, டாக்டர் திட்டினால் திட்டட்டும் என்று இந்தத் தடவை ருசி பார்த்துத்தான் மூடினேன். வெந்நீரில் குழைத்த பிறகே பால் விடு, இல்லையென்றால் கட்டி தட்டும். தாள்களை ஒரு உறையில் போட்டு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், அவை உன்னிடம்தான் இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கும்போது கழுத்துக்குக் கை கொடு, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே, பால் கொடுக்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைக்கு அம்மாவின் நெற்றி என்று மாப்பிள்ளை சொன்னார். நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கிற உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவேன். நீயே எடு. திட்டு, கத்து, இனிமேல் கூப்பிடாதே என்று வேண்டுமானாலும் சொல், உன் வாயால் சொல், கேட்டுக்கொள்கிறேன். தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லச் சொல்லாதே அம்மா, இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி தூங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா