சீராக வந்த மலைத் தேனீக்கள்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் மகள் வேணிக்கு நிச்சயமாகிவிட்டது. பையன் ஐயம்பேட்டை, தங்கமான குணம். தாயும் இல்லாத பெண்ணுக்கு நான்தானே எல்லாம் பார்க்கவேண்டும்? சந்தோஷமான சேதிதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சம்பந்தி வீட்டார் தாம்பூலத் தட்டுகளோடு இரண்டு தேனீப் பெட்டிகளும் கொண்டுவந்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி! "பொண்ணோட நைனா ஈ வளர்த்தவராச்சே, அவரு பேரு நிக்கணும்னு மலையிலேர்ந்து வரவழைச்சேம்மா" என்றார் சம்பந்தி. பாவம், முகமெல்லாம் பெருமை. கூட வந்த டிரான்சிஸ்டரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கோ நீ பட்ட பாடுதான் நினைவுக்கு வந்தது. ராணி ஈ ஆகாயத்தில் ஆண் ஈக்களோடு சேரும்போது அயல் ஈ எதுவும் குறுக்கே வரக்கூடாது என்றுதானே, ஏரிக்கு அப்பால் எவரும் பெட்டி வைக்காத அந்தக் கரம்பு நிலத்தைத் தேடிப் பிடித்தாய்? சித்திரை வெயிலிலும் பெட்டியை விட்டு ஓடாத, சாதுவான நம்மூர் ஈயை எத்தனை வருஷம் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினாய்! மலை ஈ இங்கே கலந்தால் எல்லாம் போச்சு. சீர் வேண்டாம் என்றாலோ, சம்பந்தமே போச்சு.

சம்பந்தியிடம் ஒரு யோசனை சொன்னேன். "நீங்க கொண்டாந்தது எங்களுக்குக் கௌரவம், சம்பந்தி. ஆனா இதைப் பாத்துக்கத் தெரிஞ்சவளே உங்க வீட்டுக்கு வரப்போறா. அங்கியே இருக்கட்டுங்க."

"அதுவும் சரிதாம்மா! மருமவ வர்ற வரைக்கும் நான் காவல் காத்துக்கினு இருக்கேன்" என்று சிரித்தார். பெட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். ஐயம்பேட்டையிலிருந்து ஈ இவ்வளவு தூரம் பறந்து வராது. பலே கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் போனபிறகு பார்த்தால், வேணி பின்கட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். உன் பெட்டி ஒன்றைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தாளாம். "அந்த ஊர்ல யாரும் ஈ வளர்க்கலைன்னு விசாரிச்சே வெச்சிருந்தேன் அத்தே. இப்போ அங்க மலை ஈ இருக்குது. கலந்துட்டா அது நைனா ஈயா இருக்குமா?"

உன் ஈயைக் காப்பாற்றப் போய், உன் மகளிடமிருந்து உன்னைப் பிரித்துவிட்டேனா அண்ணா? வேறென்ன சொல்லியிருக்க முடியும்? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பெட்டிப் பக்கம் போகவே நடுங்குகிறவள் நான், உனக்குத் தெரியாததா. நாளைக்கு வேணி என்னைக் கரம்புக்குக் கூட்டிப்போகிறாள். அவள் கல்யாணத்துக்குள் எல்லாம் கற்றுக்கொள்வேன், கொட்டினால் கொட்டட்டும். அவள் தாய்வீடு வரும்போதெல்லாம் அவளுடைய நைனாவின் ஈக்கள் இங்கே இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்மா, தாமல்